சுமை இடுப்புக்கு இறங்கிய கதை

நெடுந்தூரம் நடந்து பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதல் நாள் பாதமும் இரண்டாம் நாள் தோளும் மூன்றாம் நாள் இடுப்பும் வலி எடுக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பாதத்தின் வலிக்குக் கொப்புளம் சாட்சி. தோளின் வலிக்கு மூட்டையின் வார் பதித்த சிவந்த தடம் சாட்சி. இடுப்பு வலிக்கோ வெளியே காட்டத்தக்க சாட்சி யாதொன்றும் இல்லை. இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போது தொடையின் புறப்பக்கத்தில் ஒரு குத்தல், விடியலில் எழுந்து முதல் பத்தடி வைக்கும்போது அரை நொண்டல், மேட்டில் ஏறும்போது தொடையிடுக்கில் ஒரு பிடிப்பு என்று அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நம் மொழியில் இடுப்பு என்ற ஒரே சொல், ஆடை கட்டும் இடத்தையும், அதற்குக் கீழே கையால் தடவினால் தட்டுப்படும் எலும்பு விளிம்பையும், தொடையெலும்பு வந்து பொருந்தும் ஆழ்ந்த மூட்டையும் ஒருங்கே குறித்துவிடுவதால், வலிக்கும் இடம் எதுவென்று சொல்பவனுக்கும் தெளிவதில்லை, கேட்பவனுக்கும் விளங்குவதில்லை. மனிதன் தன் சரீரத்தில் சுமைக்கு இடம் தேடி அலைந்த வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, இந்த மூன்று இடங்களையும் பிரித்து அறியாததே அந்த வரலாற்றின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றிற்று.

அந்த வரலாற்றின் மிகப் பழைய ஏடு ஒன்று பனிக்கட்டிக்குள் இருந்து கிடைத்தது. 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,210 மீட்டர் உயரத்தில், மலைநடை சென்ற இருவர் உருகும் பனியில் ஒரு மனித உடலைக் கண்டார்கள். அண்மையில் இறந்த மலையேறி ஒருவனின் உடல் என்று முதலில் கருதப்பட்ட அது, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனுடையது என்று பின்னர்த் தெளிந்தது. எட்ஸி என்று உலகம் பெயரிட்டு அழைக்கும் அம்மனிதனின் அருகே, வளைத்த ஹேசல் மரக் கழியும் லார்ச் மரப் பலகைத் துண்டுகள் இரண்டும் கிடந்தன. முதுகில் மூட்டையைத் தாங்கும் சட்டம் அது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அதைவிட விசேஷமானவை அவன் தோலில் கரியால் பதித்திருந்த 61 பச்சைக்குத்துக் கோடுகள். அலங்காரத்துக்குக் குத்தியவை என்றால் பிறர் கண்ணில் படும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். இவையோ பெரும்பாலும் கீழ்முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும், அதாவது மலையில் ஏறி இறங்குகிறவனுக்கு எங்கே நோகுமோ அங்கே இருக்கின்றன. ஊடுகதிர்ப் படத்தில் அவனுடைய கீழ்முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் தேய்மானம் தெரிந்தது. ஆகவே இக்கோடுகள் வலிக்குச் செய்த வைத்தியத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து சரியாயின், முதுகுச் சட்டமும் மூட்டு வலிக்கு மருந்தும் ஒரே மனிதனிடம் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது நம் கவனத்துக்கு உரியது.

மனித உடம்பில் சுமைக்கு இயற்கையாய் அமைந்த ஸ்தானம் என்று ஒன்று இல்லை. நான்கு கால் பிராணிகளுக்கு முதுகு ஒரு மேடை. நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்ட மனிதனோ அந்த மேடையைச் செங்குத்தாக்கிவிட்டு, பாரத்தை எங்கே வைப்பது என்று தேச தேசமாய்ப் பல உபாயங்களைத் தேடினான். நம் நாட்டில் சும்மாடு கோலித் தலைமேல் ஏற்றுவது ஒரு வழி. நீண்ட தண்டின் இரு முனையிலும் பாரத்தைக் கட்டித் தோளில் வைத்துக் காவடியாய்க் கொண்டுபோவது மற்றொரு வழி. குடத்தையும் குழந்தையையும் பெண்கள் ஒரு பக்க இடுப்பில் ஏற்றுவார்கள். அந்த இடத்துக்கு ஒக்கலை என்று தனிப் பெயரே உண்டு. ஒக்கலையில் குடம் ஏறியதும் மற்றப் பக்கம் உடம்பு சாய்வதையும், நெடுங்காலம் ஒரே பக்கம் சுமந்தவர்கள் வயோதிகத்தில் அந்தப் பக்கத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதையும் கிராமத்தில் பிறந்தவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழ்ப் பெண்கள் கொழுந்துக் கூடையைக் கயிற்றில் கோத்து, அந்தக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடை முதுகில் தொங்க மலைச்சரிவில் ஏறினார்கள். நேபாளத்தில் சுமைகாரர்கள் டோகோ என்னும் கூம்புக் கூடையை நாம்லோ என்னும் பட்டையால் நெற்றியில் மாட்டிக்கொள்வதும் ஏறக்குறைய இதே முறைதான்.

இம்முறைகளெல்லாம் நாகரிகம் அறியாதவர்களின் அசட்டு வழக்கம் என்று எண்ணியிருந்த மேனாட்டு விஞ்ஞானம், சென்ற நூற்றாண்டின் இறுதியில் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்து நடக்கும்போது, வெறுங்கையாய் நடப்பதைக் காட்டிலும் அதிகமான சக்தியைச் செலவிடுவதில்லை என்று 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கூறியது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, எவரெஸ்டுப் பாதையில் நாம்சே சந்தைக்குச் செல்லும் நேபாளச் சுமைகாரர்களை நிறுத்திப் பார்த்து, ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமப்பதைக் கண்டறிந்தது. பழக்கம் இல்லாதவன் அந்தச் சுமையோடு எழுந்து நிற்பதே அரிது.

ஐரோப்பாவில் சுமைக்கலையை வளர்த்தவர்கள் முக்கியமாய்ப் போர்வீரர்கள். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியத் தளபதி மாரியுஸ், படையின் பின்னால் வரும் பொதி விலங்குகளைக் குறைத்து, வீரன் தன் பொருளைத் தானே சுமக்கவேண்டும் என்று விதித்தபோது, அவனுடைய வீரர்களை மாரியுஸின் கோவேறு கழுதைகள் என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். கவைக்கோல் ஒன்றின் நுனியில் மூட்டையைக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். படைக்கலை பற்றி எழுதிய வெஜீஷியஸ், புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு 60 ரோமானிய இராத்தல், அதாவது ஏறக்குறைய 20 கிலோ பாரத்தோடு நடக்கப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். அதற்குப் பின் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் வரையில், துப்பாக்கி வந்தது, பீரங்கி வந்தது, சாம்ராஜ்யங்கள் தோன்றி மறைந்தன. வீரனின் பாரம் மட்டும் பெரும்பாலும் தோளிலேயே இருந்தது.

அதைத் தோளிலிருந்து இறக்க முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்கப் படை அதிகாரியான ஹென்றி மெரியம். 1878-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற முதுகுப் பையில், இரு கழிகள் பையிலிருந்து கீழே இறங்கி இடுப்பில் கட்டிய வாரில் பொருந்தி, பாரத்தின் ஒரு பகுதியை அங்கே சேர்த்தன. பின்னாளில் உலகம் வியந்து ஏற்றுக்கொண்ட தத்துவம் முழுவதும் அதில் அடங்கியிருந்தும், அதைச் சுமந்த வீரர்கள் அதை விரும்பவில்லை. கம்பளியைச் சுருட்டி ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்கே மாலைபோல் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கத்தையே நாடினார்கள். பழகிய வலி புதிய சுகத்தைவிட மேலானது என்று மனித சுபாவம் அடிக்கடி தீர்ப்புச் சொல்கிறது.

அதன் பின் இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாமலே, பனி நிறைந்த வடதேசங்களில் இதே பிரச்சினையை வேறு முனையிலிருந்து பற்றினார்கள். நார்வே நாட்டு ஓலே பெர்கன் 1908-ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்று திரும்பும்போது, முதுகில் கூனாய்த் தொங்கி இழுக்கும் பையின் தொல்லை பொறாமல், ஜூனிப்பர் மரக் கொம்பு ஒன்றைத் தன் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துச் சட்டமாக்கி, அடுத்த ஆண்டிலேயே அதற்கு உரிமை பெற்றார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தைச் சேர்ந்த லாயிட் நெல்சன், அலாஸ்காவுக்குச் சென்றபோது அங்குள்ள பூர்வகுடி ஒருவரிடம் கடல்நாய்த் தோலைக் குச்சிகளின்மேல் இழுத்துக் கட்டிய சுமைச்சட்டம் ஒன்றை இரவல் பெற்றார். அதன் கடுமையில் முதுகு நொந்தாலும் அதன் அமைப்பில் இருந்த அறிவு அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஊர் திரும்பி அதைத் திருத்தி அமைத்து, 1924-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். டிராப்பர் நெல்சன் என்ற பெயரில் வனக் காவலர்களிடையேயும் மலைவாசிகளிடையேயும் பல்லாண்டு வழங்கிய அச்சட்டத்தின் மூலம், பெயர் தெரியாத ஓர் அலாஸ்கா மனிதனின் கைவேலை என்பதை நாம் மறவாதிருத்தல் நன்று. எனினும் பெர்கனின் சட்டமும் நெல்சனின் சட்டமும் பாரத்தை முதுகோடு ஒட்டவைத்தனவே யன்றி, அதைத் தோளிலிருந்து முழுவதும் விடுவிக்கவில்லை.

இந்த நிலையில்தான் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் வருகிறார். சியரா நெவாடா மலையில் நண்பரோடு நடந்துகொண்டிருந்த ஒரு நாள், முதுகுச் சட்டத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைகளுக்குள் செருகியபோது, அதுவரை தோளை அறுத்துக்கொண்டிருந்த பாரம் சட்டென்று இடுப்பில் இறங்கி அமர்ந்த அதிசயத்தை அவர்கள் கண்டார்கள். பின்பை செய்த வேலையை ஒரு வார் ஏன் செய்யக்கூடாது என்பதுதான் அதிலிருந்து பிறந்த கேள்வி. 1952-ஆம் ஆண்டில் கிளெண்டேல் என்ற ஊரில், தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில், கெல்ட்டி அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்ய, அவர் மனைவி நீனா பைகளைத் தைத்துக் கொடுக்க, அவ்வியாபாரம் தொடங்கிற்று. முதல் வருஷம் விற்றவை 29 பைகள்தாம் என்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் விமானத் தொழிலிலிருந்து மிஞ்சிய அலுமினியமும் நைலானும் எளிதாய்க் கிடைத்த காலம் அது. எடை குறைந்த சட்டம், வியர்வையை வெளியே விடும் முதுகுப் பட்டை, இடுப்பில் இறுக்கும் வார் ஆகிய மூன்றும் ஒன்றுசேர, மெரியத்தின் வீரர்கள் மறுத்த உபாயத்தை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் வரலாறே எழுதிவைத்த நகைச்சுவை ஒன்று உண்டு. 1963-ஆம் ஆண்டில் நார்மன் டிரென்ஃபர்த் தலைமையில் எவரெஸ்டுக்குச் சென்ற அமெரிக்கக் குழுவினர் கெல்ட்டியின் பைகளைக் கொண்டுசென்றனர். மே மாதம் முதல் தேதி ஜிம் விட்டேக்கரும், அச்சிகரத்தை முதன்முதலில் அடைந்த இருவரில் ஒருவரான டென்ஸிங்கின் சகோதரி மகன் நவாங் கோம்புவும் சிகரத்தை அடைந்தார்கள். அப்பைகளின் புகழ் அதனால் உயர்ந்தது. ஆனால் அக்குழுவின் சாமான்களில் பெரும்பங்கு, 900-க்கும் மேற்பட்ட சுமைகாரர்களின் முதுகில், நெற்றிப் பட்டையில் தொங்கிக்கொண்டு மலையடிவாரம் வரையில் போய்ச் சேர்ந்தது. ஒரே பாதையில், ஒரே நாளில், சுமைவரலாற்றின் முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் முன்னும் பின்னுமாய் நடந்துபோயின. இதைச் சொல்லி நாம் மட்டும் சிரித்துவிட முடியாது. மோட்டார்ச் சாலை ஏற்படும்வரை கோடைக்கானலுக்குக் குளிர்ச்சியை நாடிப் போனவர்களுடைய பெட்டி படுக்கைகளும், சிலவேளை அவர்களுமே, கூலியாட்களின் தலையிலும் தோளிலும் ஏறித்தான் மலைக்குப் போனார்கள்.

சுமப்பதைப் பிழைப்பாகக் கொள்ளாமல் பொழுதுபோக்காகக் கொள்ளும் புதிய வகுப்பார் இதற்குள் தோன்றிவிட்டார்கள். பெண்டன் மக்கே என்பவர் 1921-ஆம் ஆண்டில் கனவு கண்டு எழுதிய அப்பலாச்சியன் நடைபாதை, 1937-ஆம் ஆண்டில் முழுமை பெற்று, ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரையில் 14 மாகாணங்களினூடே, இன்றைய அளவில் 3,500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதை ஒரே மூச்சில் நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் எர்ல் ஷாஃபர். உலக யுத்தத்திலிருந்து திரும்பிய அவர் 1948-ஆம் ஆண்டில் படைவீரர் பை ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு 124 நாட்களில் நடந்து முடித்தார். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இத்தகைய பாதைகளைத் தேசியப் பாதைகள் என்று சட்டம் இயற்றிக் காத்தது. மேற்கு மலைத்தொடர்களின் வழியே மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரையில் 2,650 மைல் செல்லும் பசிபிக் பாதையும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. மாதக்கணக்கில் நாள்தோறும் பாரத்தோடு நடப்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, இடுப்பு வலியும் அவர்களோடு சேர்ந்து பெருகிற்று.

தோளிலிருந்து பாரத்தை இடுப்புக்கு இறக்கியாகிவிட்டதே, பின் ஏன் இடுப்பு வலிக்கவேண்டும்? இங்கேதான் நான் முதலில் சொன்ன சொற்குழப்பம் தன் வேலையைக் காட்டுகிறது. கெல்ட்டியின் வார் பாரத்தை ஏற்றிவைக்கும் இடம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. வலி எழும் இடமோ பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள தொடைமூட்டும் அதைச் சூழ்ந்த தசைகளும். பாரம் தலையில் இருந்தாலும், தோளில் இருந்தாலும், நெற்றிப் பட்டையில் தொங்கினாலும், தரையைச் சேர்வதற்கு அந்த மூட்டின் வழியாகத்தான் இறங்கவேண்டும். வார் விடுதலை கொடுத்தது தோளுக்கும் முதுகெலும்புக்கும். தொடைமூட்டுக்கு அது ஒரு சல்லிக்காசு உதவியும் செய்யவில்லை.

அந்த மூட்டின் கஷ்டத்தை முதலில் கணக்கிட்டு விளக்கியவர்களில் தலையாயவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் பௌவல்ஸ். 1930-களில் அவர் எழுதியவற்றின் சாரத்தை நம் வீட்டுத் தராசைக்கொண்டே சொல்லிவிடலாம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் காற்றில் இருக்க, உடம்பு முழுவதும் மற்றொரு காலின் மூட்டின்மேல் நிற்கிறது. மூட்டுதான் தராசின் முள். உட்பக்கத்து நீண்ட கோலில் உடம்பின் பாரம் தொங்குகிறது. வெளிப்பக்கத்துக் குட்டைக் கோலைப் பிட்டத்துத் தசைகள் பிடித்து இழுக்கின்றன. குட்டைக் கோலைப் பிடிப்பவன் பாரத்தைப்போல் இரண்டு மடங்கு இழுத்தால்தான் தராசு சமன்படும். அந்த இழுப்பும் பாரமும் சேர்ந்து முள்ளை அழுத்தும். பெர்லினில் பெர்க்மன் என்பாரும் அவர் குழுவினரும் அளவுகருவி பொதிந்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி அளந்து, நிதானமாய் நடக்கும்போதே மூட்டில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது என்று 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆகவே முதுகில் ஏற்றிய 15 கிலோ மூட்டை, மூட்டின் கணக்கில் 30 கிலோவுக்கும் மேலே போய்விடுகிறது. நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர் நடப்பவன் ஏறக்குறைய 30,000 அடி வைக்கிறான். வட்டி எப்படி ஏறுகிறது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வாரும் தன் பங்குக்குப் புதிய தொல்லை ஒன்றைக் கொண்டுவந்தது. அதை எலும்பு விளிம்பின்மேல் அமர்த்தாமல் கீழே தளரவிட்டால் தொடையெலும்பின் புடைப்பில் உரசும். முன்பக்கம் மிக இறுக்கினால், அடிவயிற்றின் ஓரமாய்த் தொடைக்கு இறங்கும் உணர்ச்சி நரம்பு நெருக்குண்டு, தொடையின் புறப்பக்கம் மரத்தும் எரிந்தும் போகும். இந்நோய் முதுகுப் பைக்காரர்களுக்கென்று புதிதாய்ப் பிறந்ததன்று. ரஷ்ய மருத்துவர் ரோத் 1895-ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார். அரைக்கச்சையை இறுக்கிக் கட்டிய குதிரைவீரர்களிடம் அவர் இதைக் கண்டாராம். வாரைச் சற்றுத் தளர்த்தி, அரைமணி நேரத்துக்கொருமுறை பாரத்தைத் தோளுக்கும் இடுப்புக்குமாக மாற்றி மாற்றி வைத்தால் அது தணியும் என்பது நடப்பவர்களின் அநுபவம். தோளை விட்டு இறங்கிய பாரத்தை மறுபடியும் கொஞ்சம் தோளுக்கே ஏற்றவேண்டி வந்தது.

மெய்யாகவே மூட்டுக்கு உபகாரம் செய்யும் கருவி, மனிதன் கையில் ஆதியிலிருந்தே இருந்துவந்த ஊன்றுகோல்தான். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் கோலை ஊன்றினால், தராசின் நீண்ட கோலை அதன் நுனியிலேயே கைதூக்கிப் பிடித்தாற்போல் ஆகிறது. கையின் சிறு அழுத்தம் மூட்டின் பெரும் பாரத்தைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட், கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்று 1956-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையே எழுதி, தடி பிடிப்பது கௌரவக் குறைவு என்று எண்ணிய தம் காலத்தவரைக் கடிந்துகொண்டார். வலிக்கும் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிப்பது தவறு என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. நம் பாட்டிமார் பலர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எதிர்க்கையில் பிடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது உபாயம் பாரத்தையே குறைப்பது. இதில் ஆசாரிய ஸ்தானத்துக்கு உரியவர் ஓஹாயோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி. 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவர், 67-ஆம் வயதில், 1955-ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்டு, செப்டம்பர் மாதத்தில் அப்பலாச்சியன் பாதையை முடித்தார். கூடாரம் இல்லை, படுக்கைப் பை இல்லை, தாமே தைத்த துணிப்பை ஒன்றை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் சப்பாத்து அணிந்து, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை வைத்துக்கொண்டு நடந்தார். 1992-ஆம் ஆண்டில் ரே ஜார்டின் என்பார் பசிபிக் பாதையில் நடப்பதற்கு எழுதிய கைந்நூல், மூதாட்டி அநுபவத்தால் செய்ததைச் சித்தாந்தமாகவே நிலைநாட்டிற்று. உணவும் நீரும் நீங்கலாக மூட்டையின் எடை சில கிலோவுக்குள் அடங்கிவிடுமானால், சட்டம் எதற்கு, இடுப்பு வார்தான் எதற்கு என்று கேட்ட அவர், இரண்டும் இல்லாத பையைத் தாமே தைத்துக்கொண்டார். மெரியம் தொடங்கிக் கெல்ட்டி முடித்துவைத்த எழுபது வருஷப் பிரயாசையில் இடுப்புக்கு இறங்கிய சுமை, இவ்வாறு மெலிந்தபின், சத்தமில்லாமல் மறுபடியும் தோளுக்கே ஏறிக்கொண்டது.

மூன்றாவது உபாயம் இறக்கிவைப்பது. அணிவகுத்துச் செல்லும் படைகள் மணிக்கு ஐம்பது நிமிஷம் நடந்து பத்து நிமிஷம் நிற்கும் வழக்கத்தை அறிந்திருந்தன. நேபாளச் சுமைகாரர்கள் அதைவிட நுட்பமானவர்கள். செங்குத்தான ஏற்றத்தில் அவர்கள் சில விநாடிகள் நடந்து, நடந்ததைவிட அதிகமான நேரம் நிற்பார்கள். அப்போது டோக்மா என்னும் குறுக்குக்கைப் பிடியுள்ள ஊன்றுகோலைக் கூடையின் அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே பாரத்தை அதன்மேல் சாய்த்துவிடுவார்கள். ஒரே கோல் நடக்கும்போது காலாகவும் நிற்கும்போது தூணாகவும் உதவுகிறது. பாதையோரங்களில் ஆலும் அரசும் நட்டு, முதுகுக் கூடையை எட்டும் உயரத்தில் கல்மேடை கட்டி, சௌதாரி என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களின் நினைவாகப் புண்ணியத்தைக் கருதிக் கட்டியவை அவற்றுள் பல.

நம்மவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களிலும் யாழ்ப்பாணத்துச் சந்திகளிலும், இரண்டு கற்களை நிறுத்தி மூன்றாவதை அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய சுமைதாங்கிகள் இன்னும் சில நிற்கின்றன. மலையாள நாட்டில் இதை அத்தாணி என்பார்கள். தலைச்சுமைக்காரன் தன்னந்தனியே வழிப்போகும்போது, இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் துணை இல்லையே என்பதுதான் அவனுடைய பெருந்துன்பம். தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தலைக்கு ஏற்ற முடியாது. அதை உணர்ந்தே அந்தக் கல்லைத் தோளுயரத்தில் அமைத்தார்கள். சுமையை அப்படியே கல்லின்மேல் நகர்த்திவிட்டு, அருகில் கிணற்றிலோ தண்ணீர்ப் பந்தலிலோ தாகம் தீர்த்து, மரநிழலில் காலை நீட்டிச் சற்றே கிடந்து, மறுபடியும் குனியாமலே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாய் மாத்தளைக்கும் கண்டிக்கும் காப்பித் தோட்டங்களை நோக்கி நடத்திச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கு இத்தகைய கற்கள் அவ்வழியில் காத்திருக்கவில்லை. பசியாலும் வாந்திபேதியாலும் அப்பாதையிலே விழுந்தவர்கள் அநேகர்.

இந்தச் சுமைதாங்கிகளை யார் வைத்தார்கள் என்று கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விதமான விடைதான் வரும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் குடும்பத்தார் வைத்த கல் அது. சிலவற்றில் அவள் பெயரையும் ஆண்டையும் பொறித்திருப்பார்கள். மாதக்கணக்கில் இடுப்பிலே சுமந்தும் இறக்கிவைக்காமலே போய்விட்டாளே என்ற துயரம் அக்குடும்பத்தாரை வருத்தியிருக்க வேண்டும். வழியில் போகிற யாரோ ஒருவன் தன் சுமையை இந்தக் கல்லின்மேல் இறக்கிவைக்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் கொஞ்சம் குறையும் என்று அவர்கள் நம்பினார்கள். இப்போது அச்சாலைகளில் பாரவண்டிகள் போகின்றன, தலைச்சுமைக்காரர்கள் அருகிவிட்டார்கள். பல ஊர்களில் சாலையை அகலப்படுத்தும்போது அக்கற்களைப் பெயர்த்து ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். தள்ளாமல் விட்ட ஒன்றை எங்கேனும் காண நேர்ந்தால், முதுகுப் பையோடு நடந்துவரும் இளைஞர்கள் அதன்மேல் பையை இறக்கிவைத்துவிட்டு, ஒரு பத்து நிமிஷமாவது நின்றுவிட்டுப் போகட்டும்.